மீன் வனவிலங்கு இல்லையாம்!

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போன வாரம் ஒரு ஆடியோ வந்துச்சு. அனுப்புனவரு எனக்குப் பெரியப்பா முறை. ரிட்டயர்டு. குரூப்புல இருக்கிற பிள்ளைங்க யாரு என்ன படிக்கணும்னு முடிவு பண்றதுதான் அவருக்கு இப்போ முழுநேர வேலை.

விஷயம் இதுதான். என் சித்தி பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. விலங்கு சம்பந்தமாத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நீட் எழுத மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டா (தைரியசாலி). அவ பட்டியல்ல ரெண்டு படிப்பு இருந்துச்சு. ஒண்ணு, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில வனவிலங்கு உயிரியல். இன்னொண்ணு மீன்வள அறிவியல், அதாவது பி.எஃப்.எஸ்ஸி. நாலு வருஷம். ப்ளஸ் டூ மார்க்க வச்சே சேர்ந்துக்கலாம்.

பெரியப்பாவோட தீர்ப்பு: "புலி, யானைன்னா அது வனவிலங்கு. அதுல ஒரு படிப்பு இருக்கு. மீனுங்கிறது கறிம்மா. அதைப் போயி காலேஜ்ல படிக்கிறதா? ரெண்டையும் ஒண்ணா சேக்காத."

மீனுங்கிறது கறி.

நான் மீன்வளம் படிச்சவ. எந்தக் காலேஜுன்னு சொல்ல மாட்டேன். கீழ கொஞ்சம் திட்டப் போறேன், அதனால.

பெரியப்பாவுக்கு ஆடியோலயே பதில் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன். பாதியில எனக்கே மூச்சு வாங்கிருச்சு. சரி, எழுதியே தொலைப்போம்னு இங்க வந்துட்டேன். தங்கச்சி, இதைப் படி. பெரியப்பா, நீங்களும்.

*

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். மீன்வளம் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஊர் உலகம் குடுக்கிற வேலை ரெண்டே ரெண்டு. மீன் வாங்கப் போகும்போது கூட வந்து செவுளைத் தூக்கிப் பார்த்து "நல்ல மீனா"ன்னு சொல்லணும். வீட்டுத் தொட்டியில இருக்கிற கோல்டு ஃபிஷ் மல்லாந்தா ஓடி வரணும். ரெண்டாவது வேலையில நான் போறதுக்குள்ள நோயாளி எப்பவும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனா உள்ள என்ன சொல்லித் தர்றாங்கன்னு யாரும் கேக்கிறதில்ல. மீனை இனம் பிரிக்கிறது, குளத்துத் தண்ணியோட வேதியியல், குஞ்சு பொரிக்க வைக்கிறது, தீவனம், நோய், பதப்படுத்துறது, படகு, வலை, திசை பார்த்துப் படகு ஓட்டுறது, பொருளாதாரம், மீனவர் ஊருக்குப் போயி தங்கிப் படிக்கிறது... எல்லாம் ஒரே டிகிரிக்குள்ள. ஒரே வாரத்துல காலையில மைக்ராஸ்கோப், சாயங்காலம் வலை பின்னுற ஊசி.

வலை பின்னுறதை வச்சே ஒரு தனிப் பதிவு எழுதலாம். எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரு ஒரு மீனவ ஐயா. அவரு பேசிக்கிட்டே, ரேடியோ கேட்டுக்கிட்டே, எங்களைத் திட்டிக்கிட்டே முடிச்சு போடுவாரு. ஒவ்வொரு கண்ணியும் அச்செடுத்தது கணக்கா இருக்கும். நான் பின்னுன வலையில ஒரு கண்ணியில நெத்திலி மாட்டும், பக்கத்துக் கண்ணியில சுறா தப்பிச்சிரும். ஐயா அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "இது எந்த மீனுக்கும்மா?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விதான் பாடமே. கண்ணி அளவுதானே எந்த மீன் சாகணும், எது தப்பிக்கணும்னு முடிவு பண்ணுது. குஞ்சு மீன் வெளிய போற அளவுக்குக் கண்ணி இருக்கணும்னு சட்டம் போட்டுட்டு, அதை வலை விக்கிற கடையில கவனிக்காம விட்டா என்ன ஆகும்னு அந்த ஐயாவுக்கு நல்லாத் தெரியும்.

(நீச்சலும் உண்டு. கடலோரத்துல பிறந்தும் நீச்சல் தெரியாத நாங்க பத்துப் பேரு ஒரு ஓரத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன போட்டோ எங்கயோ இருக்கு. யாரும் தேட வேணாம்.)

இப்போ திட்டு. இனம் பிரிக்கிற வகுப்புல மீனை ஃபார்மலின் பாட்டில்ல போட்டு வச்சிருப்பாங்க. எத்தனை வருஷத்துப் பாட்டில்னு கடவுளுக்கே வெளிச்சம். கிளி மீனோட பச்சையும் நீலமும் போயி, எல்லாம் ஒரே பழுப்பு. அதை வச்சு லத்தீன் பேரை மனப்பாடம் பண்ணி, ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சு, பரீட்சையில பாட்டிலோட மூடியில இருக்கிற கீறலை அடையாளம் வச்சு எழுதி பாஸாகி வந்தவங்க பலர். அடுத்த நாள் துறைமுகத்துல அதே மீனை உயிரோட பார்த்தா, யாருன்னே தெரியாது. இந்த லட்சணத்துல இனம் பிரிக்கிறதுக்கு எதுக்கு மார்க்கு?

துறைமுகம் பக்கத்துலயே இருக்குதுல்ல. அங்கயே வகுப்பை வச்சா என்ன?

*

எனக்கு இந்தப் படிப்பு மேல காதல் வந்தது ஒரு மீனோட தலையைப் பிளந்தப்போ. கேக்கவே கொடூரமா இருக்குல்ல? இருங்க, சொல்றேன்.

கட்லா, ரோகு, மிர்கால் மூணும் நம்ம ஊர்க் குளத்துல நல்லா வளரும். சாப்பிடும், கொழுக்கும், முட்டையும் வயித்துல நிறைஞ்சிரும். ஆனா தேங்குன தண்ணியில முட்டை போடாது. மழைக்காலத்துல புது வெள்ளம் வர்ற ஆறு வேணும் அதுக்கு. அதனால ஒரு காலத்துல கங்கை மாதிரி ஆத்துல இருந்து குஞ்சை அள்ளிக்கிட்டு வந்துதான் குளத்துல விட்டாங்க. அதுல எந்தக் குஞ்சு எந்த மீனோடதுன்னு வளர்ந்த பிறகுதான் தெரியும்.

1957 ஜூலை 10. ஒடிசாவுல அங்குல்ங்கிற ஊரு. ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும் ஒரு மீனோட பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, கரைச்சு, இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு, ஆறே இல்லாம முட்டை போட வச்சாங்க. இன்னைக்கு நாம ஆந்திரா கட்லா, உள்ளூர் ரோகுன்னு கிலோ கணக்குல வாங்குறதுக்கு மூலம் அந்த ஊசி. ஜூலை 10ஐ தேசிய மீன் விவசாயிகள் தினம்னு கொண்டாடுறது இதுக்காகத்தான். (எங்க ஹாஸ்டல்ல அன்னைக்கு ஸ்பெஷல் சாப்பாடு போடுவாங்கன்னு எதிர்பார்த்தோம். சாம்பார்தான்.)

இப்போ எல்லாம் பாட்டில்ல ரெடியா ஹார்மோன் ஊசி மருந்து வருது. ஆனாலும் பழைய முறையையும் எங்களுக்குச் செஞ்சு காட்டுனாங்க. மண்டையோட்டை மேல இருந்து சீவி, மூளையை மெதுவா ஒதுக்கினா, அடியில ஒரு சின்ன குழியில வெள்ளையா ஒண்ணு இருக்கும். கடுகை விடக் கொஞ்சம்தான் பெருசு. இடுக்கியால கிழியாம எடுத்து ஆல்கஹால்ல போடணும். அழுத்திப் பிடிச்சா கூழாயிரும். மெதுவாப் பிடிச்சா நழுவிரும். எங்க பேட்ச்ல முதல்ல முழுசா எடுத்தவன், வீட்டுல பாட்டிக்குப் பேன் பார்த்துப் பழகுனவன்னு சொன்னான்.

சாயங்காலம் பெண் மீனுக்கு முதல் ஊசி. ஆறு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது ஊசி, ஆணுக்கும் அப்பவே. அப்புறம் ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கணும். விடியுறதுக்கு முன்னாடி தொட்டியில தண்ணி அடிக்கிற சத்தம் கேட்டு டார்ச்சைப் போட்டா, தண்ணி பூரா கண்ணாடி மணியா முட்டை. ஆயிரக்கணக்குல இல்ல, லட்சக்கணக்குல. தூக்கம், பசி, கொசு எல்லாம் மறந்து போச்சு.

பெரியப்பா, சொல்லுங்க. இது கறியா?

*

சரி, கறிதான். ஒத்துக்கிறேன். ஆனா எந்த இடத்துல கறியாகுதுன்னு பாக்கணும்ல.

குளத்து மீனை விடுங்க, அதை நாம வளர்க்கிறோம். கடல் மீனுக்கு யாரும் தீவனம் போடல. தடுப்பூசி போடல. வேலி இல்ல. அது எங்க பிறந்துச்சு, எங்க போகுது, எத்தனை இருக்குன்னு நமக்குக் கண்ணால பாக்க முடியாது. முதுமலையில திரியுற யானை எந்த அர்த்தத்துல வனவிலங்கோ, அதே அர்த்தத்துல மன்னார் வளைகுடாவுல திரியுற சாளையும் வனவிலங்குதான். நாம சாப்பிடுறோம்ங்கிறதுனால அதோட காட்டுத்தனம் போயிராது. உலகத்துல இன்னைக்கும் இவ்வளவு பெரிய அளவுல வேட்டையாடி, வித்து, சாப்பிடுற காட்டுயிர் மீனைத் தவிர வேற எது இருக்கு?

மீன்வளத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம், பார்க்க முடியாததை எண்ணுறதுதான்.

துறைமுகத்துக்கு எங்களை ராத்திரியில கூட்டிட்டுப் போவாங்க. விசைப்படகு வந்து கூடை கூடையா இறக்குவாங்க. ஏலம் ஆரம்பிக்கிறதுக்குள்ள நாங்க அளவுப் பலகையை வச்சு மூக்குல இருந்து வால் வரைக்கும் அளக்கணும். நூறு மீன், இருநூறு மீன். வியாபாரிங்க கத்துவாங்க: "ஏ புள்ள, ஐஸ் உருகுதுல்ல, நகரு!" கை தானா அழகான பெரிய மீனாப் பார்த்து எடுக்கும். அப்படி எடுக்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டு கூடையைக் கவுத்து வர்றதை எல்லாம் அளக்கணும். சின்னதை விட்டுட்டா கடல்ல குஞ்சே இல்லாத மாதிரி கணக்கு வரும்.

நீளத்தை எதுக்கு அளக்குறோம்? வயசு கண்டுபிடிக்கத்தான். குளிர் நாட்டுல மீனோட காதுக்குள்ள இருக்கிற கல்லை அறுத்துப் பார்த்தா மர வளையம் மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு தெளிவாத் தெரியும். அங்க குளிர்காலத்துல வளர்ச்சி நின்னு போறதால வர்ற கோடு அது. நம்ம கடல்ல குளிர்காலம் எங்க இருக்கு? கத்தாழை மீனோட காதுக்கல் பெருசா, அழகா, வெள்ளையா இருக்கும். ஆனா வளையம் தேடுனா கண்ணு வலிக்கும். அதனால ஆயிரக்கணக்கான மீனோட நீளத்தை மாசாமாசம் வரைபடமாப் போட்டு, கூட்டம் கூட்டமா எப்படி வளருதுன்னு பார்த்து வயசை ஊகிக்கிறோம். அந்த வரைபடத்துல பெரிய மீனெல்லாம் ஒவ்வொரு வருஷமும் காணாமப் போயிட்டே இருந்தா, கடல் நமக்கு ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம்.

சொல்லுறதைக் கேக்கலன்னா என்ன ஆகும்? கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனைப் பாருங்க. 1883ல லண்டன்ல நடந்த மீன்வளக் கண்காட்சியில தாமஸ் ஹக்ஸ்லி (டார்வினுக்காக ஊர் ஊராச் சண்டை போட்டாரே, அவரேதான்) காட் மாதிரி பெரிய கடல் மீன்வளம் எல்லாம் அனேகமா வத்தாதுன்னு பேசுனாரு. அன்னைக்கு இருந்த படகுக்கு அது சரியாவே இருந்திருக்கும். நூத்திச் சொச்சம் வருஷம் கழிச்சு, 1992 ஜூலையில அரசாங்கமே கடலை மூடிருச்சு. ரெண்டு வருஷத்துக்குன்னு சொன்னாங்க. 2024லதான் அந்தத் தடையை எடுத்தாங்க.

அதுல என்னை ராத்திரி தூங்க விடாத பகுதி எது தெரியுமா? கணக்குப் போட ஆளு இருந்தாங்க. தரவும் இருந்துச்சு. ஆனா அந்தத் தரவுல பெரிய பங்கு மீன்பிடிக் கப்பல்ல இருந்து வந்தது. மீன் குறையக் குறைய, மிச்சம் இருந்ததெல்லாம் ஒரே இடத்துல கூட்டமாச் சேர்ந்துச்சு. கப்பல்ல கருவியும் நல்லாயிருச்சு. அதனால ஒரு தடவை வலை போட்டா வர்ற பாடு குறையவே இல்ல. பாடு நல்லா இருக்கே, அப்போ மீனும் நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சிருந்தாங்க. நம்ம ஊர்லயும் "இன்னைக்கு நல்ல பாடு"ன்னு யாராவது சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஓரமா இந்தக் காட் மீன் வந்து நிக்கும்.

(ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம பக்கம் விசைப்படகுக்கு 61 நாள் தடை. அந்த ரெண்டு மாசம் மீன் விலை ஏறுதுன்னு திட்டுறவங்க, எதுக்கு விட்டு வைக்கிறோம்னு ஒரு நிமிஷம் யோசிங்க.)

*

இனி பெரியப்பாவோட புலிக்கு வரேன். அதுக்கு முன்னாடி எண்ணுறதுல ஒரு சின்ன விளையாட்டு.

எங்க வகுப்புல ஒரு வாளி நிறையப் புளியங்கொட்டை. எத்தனை இருக்குன்னு எண்ணாம சொல்லணும். ஒரு கை அள்ளி, நூறு கொட்டைக்கு நெயில் பாலிஷ் வச்சு, திரும்பப் போட்டுக் கலக்கிடணும். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஐம்பது எடுக்கணும். அதுல பத்துல பாலிஷ் இருந்தா, அஞ்சுல ஒண்ணு நம்ம அடையாளம் வச்சது. அப்போ நூறுங்கிறது மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு. வாளியில 500 கொட்டை. அவ்வளவுதான் கணக்கு.

செஞ்சு பார்த்தா லேசுல வராது. சரியா கலக்காம விட்டா பாலிஷ் வச்சதெல்லாம் மேலயே கிடக்கும், கணக்கு குறைஞ்சிரும். பாலிஷ் காயாம போட்டா ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு ஒண்ணா வரும். எங்க குழுவுல ஒருத்தி சிவப்பைத் தவிர்த்து புளியங்கொட்டை நிறத்துலயே பாலிஷ் கொண்டு வந்திருந்தா (அவ ஃபேஷன் அப்படி). நிஜத்துலயும் இதே தொல்லைதான். அடையாளம் விழுந்துடலாம். ஒரு தடவை மாட்டுனது அடுத்த தடவை வலையைக் கண்டா ஒதுங்கலாம். நடுவுல சிலது செத்துப் போகலாம், வெளிய இருந்து சிலது வரலாம். இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறதுங்கிறதுதான் அந்த அறிவியல்.

இந்தக் கணக்கை மீனுக்குப் பயன்படுத்துனவரு டென்மார்க்கோட பீட்டர்சன். 1890கள்ல லிம்ஃபியோர்டுங்கிற இடத்துல தட்டை மீனுக்கு அடையாளம் மாட்டி விட்டு வேலை பார்த்தாரு. 1930ல அமெரிக்காவுல லிங்கன்னு ஒரு பறவை ஆய்வாளர் (ஜனாதிபதி இல்ல) கால்ல வளையம் மாட்டுன வாத்துகளை வச்சு இதே கணக்கைப் போட்டாரு. அதனாலதான் இது லிங்கன்-பீட்டர்சன் முறை. 1990கள்ல உல்லாஸ் காரந்த், கர்நாடகாவுல நாகரஹோளே காட்டுல தானியங்கி கேமரா வச்சு புலியை எண்ணுனதுக்கும் அடிப்படை பிடிச்சு, விட்டு, மறுபடி பிடிக்கிற இதே யோசனைதான். புலிக்கு நெயில் பாலிஷ் வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் வரி வேற. பிறக்கும்போதே அடையாளத்தோடதான் வருது.

ஆக பெரியப்பா, நீங்க பேப்பர்ல படிச்சுப் பெருமைப்படுற புலிக் கணக்கோட கொள்ளுத் தாத்தா ஒரு மீன்காரரு.

*

அப்புறம் ஏன் நம்ம ஊர்ல ரெண்டும் ரெண்டு கல்லூரி, ரெண்டு துறை, ரெண்டு அமைச்சகம்?

அமெரிக்காவுல பல பல்கலைக்கழகங்கள்ல ரெண்டும் ஒரே துறை. வாசல்ல பலகையே "வனவிலங்கு மற்றும் மீன்வள அறிவியல்"னு இருக்கும். அது ஏதோ ஞானத்துல வந்ததுன்னு நினைச்சிராதீங்க. அங்க மான், வாத்து, மீன் மூணையும் லைசென்ஸ் வாங்கிட்டு வேட்டையாடுவாங்க. 1937ல இருந்து துப்பாக்கி, தோட்டா வரியும், 1950ல இருந்து தூண்டில் சாமான் வரியும் மாநில வனவிலங்கு, மீன் துறைகளுக்குப் போகுது. 1933ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஆல்டோ லியோபோல்டுக்குக் குடுத்த பேராசிரியர் பதவியோட பேரே வேட்டை விலங்கு மேலாண்மை. சுடுறதுக்கும் பிடிக்கிறதுக்கும் மிச்சம் இருக்கணும்னா எண்ணணும். எண்ணுறதுக்குப் படிக்கணும். அவங்க பார்வையில மானும் மீனும் ஒரே வகுப்பு.

நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டத்தோட வேட்டைக் கதவைச் சாத்திட்டோம். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அதோட, கொல்லக்கூடாத விலங்கெல்லாம் வனத்துறை பக்கம் போச்சு. கொல்லலாம்ங்கிற மீன் உற்பத்திப் பக்கம் போச்சு. புலிக்குத் தலைக்கணக்கு. மீனுக்கு டன் கணக்கு. மத்தியில மீன்வளம் இருக்கிறது கால்நடை, பால்வளத்தோட ஒரே அமைச்சகத்துல. கடல்ல திரியுற சூரையும் கொட்டில்ல கட்டுன கறவை மாடும் ஒரே வீடு!

இந்தப் பிரிவினை எங்க இடிக்குதுன்னா, தண்ணிக்குள்ளதான். 2001 ஜூலையில சுறா, திருக்கை வகை மொத்தத்தையும் வனவிலங்குச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. மீனவர்கள் எதிர்த்தாங்க. டிசம்பர்ல பட்டியலைச் சுருக்கி, திமிங்கலச் சுறா மாதிரி சில வகையை மட்டும் வச்சுக்கிட்டாங்க. ஆக, சாதாரண பால்சுறா சில மாசம் வனவிலங்கா இருந்துட்டு மறுபடியும் புட்டுக்குத் திரும்பிருச்சு. அதே 2001லதான் கடல் அட்டையும் முதல் அட்டவணைக்குப் போச்சு. புலி இருக்கிற அதே அட்டவணை. ராமநாதபுரம் பக்கம் காலங்காலமா அதைக் குளிச்சு எடுத்தவங்க ஒரே நாள்ல வனக் குற்றவாளி ஆனாங்க. கொஞ்ச தூரத்துல இலங்கைப் பக்கம் அது லைசென்ஸோட பிடிக்கிற, பண்ணையில வளர்க்கிற ஏற்றுமதிச் சரக்கு. அட்டைக்கு எல்லை தெரியுமா என்ன?

மோயாறு ஒண்ணு இருக்கு. புலிக் காப்பகத்துக்குள்ள ஓடுது. அதுல காவிரிப் படுகைக்கே சொந்தமான, முதுகு கூன் போட்ட மகசீர் இருக்கு. 50 கிலோ தாண்டி வளரக்கூடிய ஆத்து மீன். 2018லதான் அதுக்குச் சரியான அறிவியல் பேரே உறுதியாச்சு. அதே வருஷம் அழிவின் விளிம்புல இருக்கிற இனம்னும் அறிவிச்சாங்க. கரையில தண்ணி குடிக்க வர்ற புலிக்கு எத்தனை ஆராய்ச்சி, தண்ணிக்குள்ள இருக்கிறதுக்கு எத்தனைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொரு இடி, ஆமை. இழுவலையில ஆமை மாட்டுனா மூச்சு விட மேல வர முடியாம செத்துப் போகும். 2025 ஜனவரியில சென்னைக் கடற்கரையில நூத்துக்கணக்குல பங்குனி ஆமைங்க செத்து ஒதுங்குனதைப் பார்த்திருப்பீங்க. இதுக்கு வழி இருக்கு. வலைக்குள்ள சாய்வா ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிக்கு நடுவுல புகுந்து உள்ள போயிரும். ஆமை கம்பியில முட்டி மேல இருக்கிற வாசல் வழியா வெளிய போயிரும். கொச்சியில இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம வலைக்கு ஏத்த மாதிரி ஒண்ணு செஞ்சிருக்கு. ஆனா படகுல போட மாட்டேங்கிறாங்க. ஏன்? படகு வச்சிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன். "ஆமை போற வாசல்ல பெரிய மீனும் போயிருமேம்மா. டீசல் காசை ஆமையா குடுக்கும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் வனவிலங்கு மட்டும் படிச்சவங்ககிட்ட இல்ல, அவங்களுக்கு டீசல் விலை தெரியாது. மீன்வளம் மட்டும் படிச்ச எங்ககிட்டயும் இல்ல, எங்களுக்கு ஆமை பத்தி ஒரு மணி நேரப் பாடத்துக்கு மேல கிடையாது. இத்தனைக்கும் 2019ல இருந்து அமெரிக்கா நம்ம கடல்ல பிடிச்ச இறாலை இந்த ஆமைக் காரணத்தைச் சொல்லித்தான் வாங்காம வச்சிருக்கு. பண்ணை இறாலை மட்டும் வாங்குது. ஆமையால போன காசும் காசுதானே அண்ணே?

*

தங்கச்சி, இப்போ உனக்கு.

வேலை கிடைக்குமான்னு கேட்டிருந்த. மீன்வளத்துல வழி அதிகம். டி.என்.பி.எஸ்.சி மூலமா மீன்வளத் துறை, வங்கியில விவசாய அதிகாரி வேலை, இறால் குஞ்சுப் பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதி ஆலை. மேல படிக்கணும்னா மும்பை, கொச்சி. 1969ல ஆரம்பிச்ச மங்களூரு கல்லூரிதான் நாட்டுலயே முதல் மீன்வளக் கல்லூரி. நம்ம தூத்துக்குடி 1977. 2012ல நாகப்பட்டினத்துல தனிப் பல்கலைக்கழகமே வந்துருச்சு. வனவிலங்குப் பக்கம் போனா டேராடூன்ல 1982ல தொடங்குன இந்திய வனவிலங்கு நிறுவனம், நம்ம கோயம்புத்தூர் ஆனைக்கட்டியில சாலிம் அலி மையம். ஆனா அந்தப் பக்கம் புராஜெக்ட் வேலைதான் ஜாஸ்தி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அடுத்தது எங்கன்னு தேடணும். தெரிஞ்சே போ.

பொண்ணாப் போறதால ஒண்ணு. சில துறைமுகத்துல பொம்பளை படகுல கால் வச்சா மீன் படாதுன்னு இன்னும் நம்புறாங்க. சண்டை போடாத, அளவுப் பலகையை எடுத்துக்கிட்டு கரையில உக்காரு. நாலு ராத்திரி ஒழுங்கா வந்து உக்காந்தீன்னா அவங்களே டீ வாங்கித் தருவாங்க. அஞ்சாவது ராத்திரி "இந்த மீனு பேரு தெரியுமா?"ன்னு உன்னையே சோதிப்பாங்க. அந்தப் பரீட்சையில ஃபெயில் ஆனா நீ ஃபெயில்தான். பாட்டில் மூடியில கீறல் எல்லாம் அங்க கிடையாது.

ரெண்டுல எதை எடுத்தாலும் இன்னொண்ணை விட்டுராத. மீன்வளம் எடுத்தீன்னா லீவுல ஆமை முட்டை தேடி சென்னைக் கடற்கரையில ராத்திரி நடக்கிற மாணவர் கூட்டத்தோட நட (1988ல இருந்து நடக்கிறாங்க). ஊட்டிக்குப் போனீன்னா ஒரு லீவுக்கு தூத்துக்குடி வா, நானே துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். பேருந்துல திரும்பும்போது பக்கத்து சீட்டுல யாரும் உக்கார மாட்டாங்க. வசதியா கால் நீட்டிக்கலாம்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. வனவிலங்கு படிக்கிற பிள்ளைங்களையும் மீன்வளம் படிக்கிற பிள்ளைங்களையும் ஒரே ஒரு செமஸ்டர் ஒரே படகுல ஏத்தி அனுப்பணும். பாக் விரிகுடாவுக்கே அனுப்பலாம். 2022ல அங்க ஆவுளியாவுக்குன்னு 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிச்சாங்க. கடல் புல் மேயுற அந்தப் பிராணி இருக்கிற அதே தண்ணியிலதான் மீனவரோட வலையும் இருக்கு. ஒருத்தன் ஆவுளியாவை எண்ணட்டும், இன்னொருத்தன் அதே வலையில வந்த மீனை அளக்கட்டும், கரைக்கு வந்து ரெண்டு பேரும் வலைக்குச் சொந்தக்காரரோட உக்காந்து பேசட்டும். சாப்பாடு மட்டும் அந்த வீட்டு அம்மா கையால.

அடுத்த பதிவு இறால் பண்ணை பத்தி. எங்க சொந்தத்துலயே நாலு பேரு பண்ணை வச்சிருக்காங்க, பெரியப்பா மருமகனும் அதுல ஒருத்தர். கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கிட்டு வரேன்.